கேமராவுக்கு முன்னால் ஒரு குழாய்

சமையலறை அலமாரியின் மேலிருந்த கேமராவுக்கு எந்தப் பக்கம் முகத்தைக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று பிளம்பருக்குப் பிடிபடவில்லை. இடது கன்னத்தில் மரு. வலது பக்கம் திரும்பினாலோ, முதுகுக்குப் பின்னால் ஒழுகும் குழாயும் அதனடியில் வாளியும் தெரிந்தன.

ஊரில் பாதிக் குழாய்களை அடக்கியவர் அவர். சொந்த வீட்டுக் குழாய் மட்டும் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். சொன்ன கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பத்துப் பேரை ஒரே வீட்டில் அடைத்துவைத்துப் படம் பிடிக்கும் நிகழ்ச்சி என்றால் அவருக்கு உயிர்.

"இவனுக்கெல்லாம் ஒரு ஓட்டா? நான் போனா ஒரே வாரத்துல ஜெயிச்சிருவேன்" என்பார்.

முந்தாநாள் அந்த அதிர்ஷ்டம் அடித்தேவிட்டது. 'வீட்டு நாயகன்' என்ற புது நிகழ்ச்சிக்கு அவர் பெயரை எழுதிப்போட்டதாகவும், அவரையே தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் சொல்லி, மனைவி கேமராவைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"இயல்பா இருக்கணுமாம். நடுவருங்க எல்லாத்தையும் பாக்குறாங்களாம்."

ஒரு வாளியால் பட்டம் கைநழுவிப் போவதா? பிளம்பர் ஸ்பேனரை எடுத்தார்.

"நேயர்களே, வாஷர் தேஞ்சிருக்கு. நமக்கு அஞ்சு நிமிஷ வேலை."

கேமராவைப் பார்த்தே பேசியதில் மெயின் வால்வை மூட மறந்துபோனார். குழாயின் தலை கையோடு வந்தது. தண்ணீர் கூரையைத் தொட்டது. உள்ளங்கையால் அடைத்தார், பக்கவாட்டில் பீறிட்டு மாவு டப்பாவை நிரப்பியது. கேமரா நனைந்துவிடுமே என்று தாவினார். எப்போதோ ஆணி கழன்றிருந்த அலமாரி அவரோடு சேர்ந்து கீழே வந்தது.

ஆனாலும் ஆள் அசரவில்லை. மெயின் வால்வை மூடினார், கேமராவை ஜன்னல் திட்டில் வைத்தார், சட்டையைச் சரிசெய்துகொண்டார். மதியத்துக்குள் வாஷர் மாற்றி, அலமாரியை ஆணி அடித்து மாட்டி, தரையையும் துடைத்துவிட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அந்த நிகழ்ச்சிகளில் அழுகிறவர்களை யாரும் வெளியேற்றுவதில்லை.

கேமராவுக்கு நேராக மனைவியை நிறுத்தி, குரலைத் தழுதழுக்கவிட்டார்.

"ரெண்டு வருஷமா அந்த வாளிய நீதான் தூக்கிக் கொட்டுன. நான் ஒரு நாள் கூடத் தொட்டதில்ல."

முதல் வரி நடிப்புதான். இரண்டாவது வரியைச் சொல்லும்போது கேமரா இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பட்டம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

முகம் கழுவக் குளியலறைக்குள் போனார். வாசலில் யாரோ கதவைத் தட்ட, மனைவி திறந்தாள். அடுத்த வீட்டு எலெக்ட்ரீஷியனின் மனைவி. அவள் குரல் குளியலறை வரை கேட்டது.

"அட, குழாய் ஒழுகறது நின்னுருச்சே! அப்ப அந்த பொம்மை கேமராவ எனக்குக் குடு. எங்க வீட்டு காலிங் பெல் அடிச்சு மூணு வருஷமாச்சு. பேட்டரி நானே போட்டுக்கறேன்."