கொம்பிரசருக்கு முன்னால் வாய் திறந்தவன்

நெடுந்தீவு மேற்கு,
14.05.2025

பெருமதிப்புக்குரிய அண்ணை அன்ரனிதாஸ் அவர்களுக்கும் அன்புள்ள மச்சாள் மேரிஜோசப்பினுக்கும் தம்பி பிலிப்பு எழுதிக்கொள்வது.

ஆண்டவரின் கிருபையால் நானும் மனைவி மேர்சியும் தேகசுகத்தோடு இருக்கிறோம். ரொறன்ரோவில் குளிர் விட்டிருக்கும், மச்சாளின் முழங்கால் நோவும் விட்டிருக்கும் என்று நம்புகிறோம். இந்த இரண்டு வரியை எழுதவே எனக்கு ஒரு பகல் போய்விட்டது. இனி எழுதப்போவதற்கு ஒரு முகம் வேண்டும். அது என்னிடம் இல்லை. போனில் கதைத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். மைக் பூட்டின எந்தச் சாமானுக்கு முன்னாலும் வாய் திறப்பதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் இருக்கிறேன், அண்ணை. ஆனபடியால்தான் பேனை.

முதலில், நீங்கள் மாதா கோயிலுக்கு அனுப்பின பேஸ் கிற்றாரும் பெட்டிகளும் வந்து சேர்ந்த விபரம். எட்டு ஸ்பீக்கர் வைத்த அந்தப் பெரிய பெட்டியைக் குறிகட்டுவான் துறையில் கண்ட படகுக்காரர், "உதென்ன, ஐஸ் பெட்டியோ சவப்பெட்டியோ?" என்று கேட்டார். நாலு பேர் பிடித்து ஏற்றினோம். அடியில் சில்லு இருக்கிறது ஒருவருக்கும் தெரியாது. நடுக்கடலில் படகு சரிய, பெட்டி தன்பாட்டில் உருண்டு போய் ஒரு மனுசியின் கோழிக்கூட்டை இடித்தது. பிறகு நான் அதற்கு மேலே ஏறிக் கட்டிப்பிடித்தபடி, இடைக்கிடை கடலுக்குள் சத்தியும் எடுத்துக்கொண்டு, ஊர் வந்து சேர்ந்தேன். அது வரைக்கும் உங்களுக்கு விசுவாசமான தம்பிதான்.

கிற்றார் வாசிக்கிறது, பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற சின்னத்தங்கத்தின் மகள் றொஷானி ரீச்சர். பெட்டிகளோடு வந்த சின்னச் சாமான், சிவத்த லைற் உள்ளது, கொம்பிரசர் என்று அவதான் சொன்னா. பெலத்த சத்தத்தை அது அமத்துமாம், மெல்லிய சத்தத்தைத் தூக்குமாம், எல்லாத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வருமாம். நான் பாடகர் குழுத் தலைவர். விளங்கேல்லை எண்டு எப்படிச் சொல்லுறது? தலையை ஆட்டினன். சனிக்கிழமை கோயிலின் பழைய அம்பிளிபயர் புகைச்சுச் செத்துப்போக, பாட்டு மைக்கையும் றொஷானி உங்கடை பெட்டியிலேயே கொழுவிவிட்டா. "அங்கிள், திருகு ஒண்டையும் மூண்டுக்கு மேலை கூட்டிப்போடாதேங்கோ" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னா. பத்து வரைக்கும் இலக்கம் போட்ட சாமானை மூண்டிலை வைச்சிருந்தால் அண்ணை அனுப்பினதுக்கு என்ன மரியாதை எண்டு நினைச்சு, அவ அங்காலை போக, எல்லாத்தையும் பத்துக்குத் திருகினன்.

பூசை துவங்கினது. தொண்டை கிழியப் பாடினன், சாதாரணமாத்தான் கேட்டுது. ஆனால் எல்லாரும் பேசாமல் இருந்தால் கோயில் இரையத் துவங்கீட்டுது. மின்விசிறி புயல் மாதிரி வந்தது. பிரசங்கத்துக்கு நடுவிலை சுவாமியார் மூச்சு விட நிப்பாட்ட, சின்னத்தங்கத்தின்ரை வயிறு கத்தினது கடைசி வாங்கிலை இருந்தவை வரைக்கும் போச்சு. பாவம் மனுசி, சுவாமியாரிட்டை நன்மை அப்பம் எடுக்க வெறும் வயித்தோடை வந்தவ. சனம் பாட்டுக்காரர் பக்கம் திரும்ப, நான் இல்லை எண்டு காட்டுறதுக்காக நானும் அவவைத் திரும்பிப் பாத்தன். அதுவும் வெக்கம்தான். ஆனால் அது சின்ன வெக்கம்.

நன்மை முடிய, "இந்த வாத்தியத்தைத் தந்த அன்ரனிதாஸ் குடும்பத்துக்காக ஒரு நிமிடம் மௌனமாகச் செபிப்போம்" எண்டார் சுவாமியார். எல்லாரும் முழங்காலிலை. நான் முகத்தை மைக்குக்கு மற்றப் பக்கம் திருப்பி, வாயைக் கையாலை மறைச்சு, சின்னத்தங்கத்தின்ரை காதுக்குள்ளை சொன்னன். எழுதக் கை கூசுது. ஆனால் நீங்கள் கேட்டதை உங்களுக்கு மறைச்சு என்ன? "அங்கை வைக்க இடமில்லை, மாதாவின்ரை தலையிலை கட்டிப்போட்டார். முப்பது வருசம் வாசிச்சும் நாலு தந்தியிலை ரெண்டைத் தாண்டாத ஆள்" எண்டு சொன்னன். அதோடை நிப்பாட்டியிருக்கலாம். சின்னத்தங்கம் என்னைக் கிள்ளினவ. மனுசி ரசிக்கிறா எண்டு நினைச்சு, இன்னும் மெல்லமா, "அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வராதவர், இப்ப பெட்டி அனுப்புறார்" எண்டன்.

சுவாமியார் கண்ணைத் திறந்தார். அயல்வீட்டு டிலோனின்ரை தகப்பனுக்கு ரெண்டு காதும் கேளாது, அவரும் திரும்பிப் பாத்தவர். பூசையை உங்களுக்கு நேரலையிலை காட்டிக்கொண்டு நிண்ட மேர்சி, போனையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா.

அண்ணை, அம்மா செத்த தொண்ணூற்றெட்டிலை உங்களுக்குக் கனடாப் பேப்பர் கிடைக்கேல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் அதைச் சொன்னவனே நான்தான். அம்மாவைத் தூக்கேக்கை மூத்தவன் பிடிக்கிற பக்கத்திலை அயலட்டை ஆள் ஒருத்தர் பிடிச்சார். அந்தக் கோபம் இருபத்தேழு வருசமா எனக்குள்ளை கிடந்தது எண்டு ஞாயிற்றுக்கிழமை ஊரோடை சேந்துதான் நானும் கேட்டன். உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நாக்குத்தான் பிழை, அதுக்குச் சொந்தக்காரனும் பிழை.

ஞாயிறு பின்னேரம் எப்பவும் போன் எடுக்கிற நீங்கள் எடுக்கேல்லை. திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. ஆனித் திருநாளுக்கு வருவீங்கள் எண்டு மேர்சி அறைக்கு வெள்ளை அடிச்சு, புதுப் படுக்கை விரிப்பும் வாங்கி வைச்சிருக்கிறா. என்னாலை வராமல் விட்டிடாதேங்கோ. பாடகர் குழுத் தலைவர் பதவியை விட்டிட்டன். திருநாளிலை நீங்கள் கிற்றார் வாசிக்கேக்கை கடைசி வாங்கிலை வாயை மூடிக்கொண்டு இருப்பன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எக்காலமும் சமாதானம் தங்க வேண்டுமென்று மாதாவை மனதுக்குள் மட்டும் மன்றாடும்,

வெட்கத்துடன்,
தம்பி பிலிப்பு

பின்குறிப்பு: உறைக்குப் பசை பூசேக்கை நீங்கள் போன் எடுத்தீங்கள், என்ரை விரதத்தையும் மறந்து தூக்கினன். கடைவாய்ப் பல்லுப் பிடுங்கி, மூண்டு நாள் வாய் வீங்கிக் கதைக்க ஏலாமல் கிடந்தனீங்களாம். நேரலை முதல் வாசகத்தோடையே நிண்டுபோச்சாம், பிறகு ஒண்டும் கேக்கேல்லையாம். "செபத்திலை என்ரை பேர் சொன்னவையோடா?" எண்டு கேட்டீங்கள். "ஓம் அண்ணை, நல்லாப் பெலத்துத்தான் சொன்னவை" எண்டன். ரிக்கற் எடுத்தாச்சு எண்டும் சொன்னீங்கள். கடிதத்தைக் கிழிச்சு அடுப்பிலை போடச் சொன்னா மேர்சி. போடத்தான் குசினிக்குப் போனனான். ஆனால் நீங்கள் நெடுந்தீவிலை கால் வைக்க, முதல் காணுற ஆளே இதைச் சொல்லிப்போடும். ஆனபடியால் தபாலிலையும் போடேல்லை, அடுப்பிலையும் போடேல்லை. குறிகட்டுவானிலை உங்கடை கையிலை தருவன். படகு வெளிக்கிட்டாப் பிறகு பிரியுங்கோ. கரை வர ஒரு மணித்தியாலம் செல்லும். எனக்கு எழும்பி ஓட இடமில்லை. பக்கத்திலைதான் இருப்பன்.