கோவா அமாவாசைக் கோஷ்டி

எங்கள் சமையலறை நாள்காட்டியின் ஒரு பழைய மாசி மாதத் தாளை நான் இன்னும் கிழித்து எறியவில்லை. அமாவாசைக் கட்டத்தில் என் கையெழுத்தில் "தர்ப்பணம், கோவா, ஒருவர்" என்று இருக்கிறது. 'ஒருவர்' என்பதை அம்மா அடித்துவிட்டு 'ஒன்பது' என்று திருத்தியிருக்கிறாள். திருத்தம் சரிதான்.

தேதிகளில் நான் தவறுவதில்லை என்று ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு (நானே பரப்பியது). நண்பர்கள் முசிறி செந்திலும் புத்தூர் ரபீக்கும் கோவா போகலாம் என்றபோது ரயில், விடுமுறை, அலையின் ஏற்ற இறக்கம் எல்லாம் பார்த்து நாள் குறித்தவன் நான்தான். பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அமாவாசைடா," என்றாள் அம்மா. அப்பா போனதிலிருந்து ஓர் அமாவாசையையும் நான் விட்டதில்லை. டிக்கெட்டை ரத்து செய் என்று அவள் சொல்லவில்லை. "அவர் காத்துண்டிருப்பார்," என்று மட்டும் சொன்னாள். அதற்கு ரத்து செய்யவே சொல்லியிருக்கலாம்.

ஆகவே ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் வாத்தியார் போனில் மந்திரம் சொல்வது, நான் கோவா கடற்கரையில் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடு.

வேஷ்டி, திருமண், சொம்பு, எள், தர்ப்பை சகிதம் ஆளில்லாத மணலாகப் பார்த்துத் தெற்கு நோக்கி உட்கார்ந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணை மூடினேன். திறந்தபோது பக்கத்தில் தோளில் துண்டோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் தெற்கு நோக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். (யோகா வகுப்பு என்று நினைத்துவிட்டார்கள். கோவாவில் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.)

நடுவில் பேசக்கூடாது. அவர்களை அனுப்பிவிடும்படி, சற்றுத் தள்ளி நின்ற செந்திலுக்குச் சைகை காட்டினேன்.

"உட்கார வைக்கணுமா மாப்ள?" என்று கேட்டு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தான். என் எள் பொட்டலத்தையும் வரிசையில் அனுப்பினான். அவனை முறைத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள்.

"பூணலை இடம் பண்ணிக்கோ," என்றது போன். பூணூலை வலது தோளுக்கு மாற்றினேன். எட்டுத் துண்டுகள் வலது தோளுக்கு மாறின.

மந்திரத்தைத் திருப்பிச் சொன்னதும் வாத்தியார் நிறுத்தினார். "என்னடா, கோஷ்டி பெரிசா இருக்கே?"

செந்தில் போனிடம் குனிந்தான். "ஒன்பது பேருங்க சாமி. நம்ம ஆளுங்கதான்."

"பேஷ். அவா கோத்ரம்?"

செந்தில் அந்த அம்மாளிடம் விசாரித்துவிட்டு, "ஜெர்மனிங்க," என்றான்.

வாத்தியார் 'ஜெர்மனி' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அமாவாசையன்று அவருக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. "தெரியலேன்னா காச்யபம்னு வெச்சுக்கலாம். மேலே சொல்லு."

அடுத்தது அப்பாவின் பெயர். நான் சொன்னேன். எட்டுப் பேரும் சொல்லி, என்னைப் போலவே எள்ளும் பாட்டில் தண்ணீரும் விட்டார்கள். திருச்சி ஜங்ஷனைத் தாண்டுவதற்கே அலுத்துக்கொண்ட மனிதர். அரபிக்கடல் ஓரத்தில், ஜெர்மன் உச்சரிப்பில், அவர் பெயர் மூன்று முறை ஒலித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாளும் துடைத்துக்கொண்டார். (அதுவும் என்னைப் பார்த்துத்தான்.)

முடிந்ததும் கைதட்டினார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். ரபீக் இடம் பிடித்து வைத்திருந்த மீன் சாப்பாட்டுக் கடைக்கும் பின்னாலேயே வந்தார்கள். அமாவாசை ஆனதால் நான் வாழைப்பழமும் தயிரும் கேட்டேன். எல்லோரும் வாழைப்பழமும் தயிரும் கேட்டார்கள். நாளைக்கு உங்கள் குருவை வேறு கடைக்குக் கூட்டிப் போங்கள் என்று கடைக்காரர் ரபீக்கிடம் இந்தியில் கேட்டுக்கொண்டார்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் வாத்தியார் உத்தர வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். நாள்காட்டியும் திருத்தப்பட்டிருந்தது. இன்றும் நான் சொம்போடு உட்காரும்போதெல்லாம் அம்மா வாசலை எட்டிப் பார்க்கிறாள். "இன்னிக்கு நீ ஒருத்தன்தானா? உங்கப்பாவுக்குப் போறுமாடா?"

அன்று அந்த எட்டுப் பேர் விட்ட தண்ணீர் அப்பாவுக்குப் போனதா, இல்லை ஜெர்மனியில் எதையும் எதிர்பார்க்காமல் இருந்த யாரோ பெரியவர்களுக்குப் போனதா என்று வாத்தியாரிடம் கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இதுவரை சொல்லவில்லை. ஆகவே இந்த ஒரு விவரம் மட்டும் சரிபார்க்கப்படவில்லை.