அமெரிக்கத் தேர்தலுக்கு எல்லிங்ஸ்ருட்டிலிருந்து மூன்று வான்கள்

எதையாவது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு, அதைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வரும். எரிமலையை ஆராய்கிறவர்கள் அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. தேர்தலை ஆராய்கிறவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, அமெரிக்கா இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காத நான் முதுகலைப் படிப்புக்கு எடுத்த தலைப்பு இது: அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யக் கட்சிகள் நடத்தும் முன்தேர்தல்களில், பிரசாரச் செலவு கூடினால் வாக்களிக்க வருகிறவர்களும் கூடுவார்களா? (ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்காதீர்கள். நோர்வே அரசியலில் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. எனக்குச் சத்தம் பிடிக்கும்.)

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு முழுத் தேநீர் ஆறியது.

"உண்மையான தேர்தலுக்கு முதல், கட்சிக்குள்ளை ஆரை நிப்பாட்டுறது எண்டு சனம் வாக்குப் போட்டுத் தெரியிறது அப்பா."

"அப்ப கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பாக்கிறது மட்டும்தான்."

"ஓம்."

"மாப்பிள்ளை பாக்கிறதுக்கே இவ்வளவு செலவழிக்கிறாங்களோ!"

அப்பா நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் பனிக்காற்றுக்குள் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டுகிறவர். வீண்செலவு என்ற சொல்லைக் கேட்டாலே பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

என் பேராசிரியர் ஆர்னேயும் அப்பாவின் கட்சிதான். "காசு சத்தத்தைக் கூட்டும், ஆட்களைக் கூட்டாது. இது என்னுடைய விஷயம் என்று நினைக்கிறவன்தான் வருவான்" என்பார். நான் நம்பவில்லை. நாலு பலூன், நல்ல சாப்பாடு, கொஞ்சம் விளம்பரம் இருந்தால் எந்தச் சனமும் வரும் என்பது என் உறுதியான கொள்கை. (எங்கள் ஈழத்தமிழ்ச் சமூகத்துப் பிறந்தநாள் விழாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.)

இந்த நேரத்தில்தான் மார்த்தாவைச் சந்தித்தேன். நோர்வேஜியனைக் கலியாணம் முடித்து ஒஸ்லோவில் குடியேறிய அமெரிக்கப் பெண்மணி. வெளிநாடுகளில் வாழும் அமெரிக்கர்களும் தங்கள் கட்சியின் முன்தேர்தலில் வாக்களிக்கலாம். ஒஸ்லோவில் ஒரு கட்சிக்காக அந்த வாக்களிப்பை நடத்துகிறவர் அவர்தான். நகர மையத்தில், டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சிறிய மண்டபம். ஒரு மேசை, ஒரு பெட்டி, நாள் முழுவதும் காத்திருக்க ஒரு பின்னல் வேலை.

"யாருக்கும் ஆதரவாகப் பேசாமல் ஆட்களை மட்டும் வரவழைக்க உன்னால் முடியுமா?" என்று கேட்டார்.

முடியுமாவா! எரிமலையின் வாய்க்குள் இறங்க ஏணியே தந்துவிட்டார். கோடைகால வேலையில் சேர்த்த காசெல்லாம் பலூனாகவும் சுவரொட்டியாகவும் மாறியது. அம்மா இரண்டு நாள் சமையலறையை விட்டு வெளியே வராமல் இறைச்சியும் கிழங்கும் வைத்து ரோல்ஸ் சுற்றினார். அமெரிக்கர்களை எங்கே தேடுவது? எங்கள் ஆட்களின் வேலைத்தளங்களில் இருப்பார்களே! குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன்:

"வருகிற சனிக்கிழமை ஒஸ்லோவில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளருக்கான வாக்களிப்பு. வெளிநாட்டில் வாழும் பிரஜைகள் எல்லோரும் வரலாம். கடவுச்சீட்டு அவசியம். ரோல்ஸ் உண்டு. தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள்."

'பிரஜைகள்' என்பதற்கு முன்னால் 'அமெரிக்க' என்ற சொல்லை நான் போடவில்லை. மேலே ஒருதடவை வந்துவிட்டதே, திரும்பத் திரும்ப எழுதினால் நடை கெட்டுவிடும் என்று நினைத்தேன். (கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா!)

வெளிநாட்டில் வாழும் பிரஜைகள். நோர்வேயில் இருக்கும் எங்கள் சனத்தில், அந்த வரிக்குள் அடங்காத ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சனிக்கிழமை காலை, கரைந்த பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு நான் டிராமை விட்டு இறங்கியபோது மண்டபத்திலிருந்து தெருமூலை வரை வரிசை நின்றது. நகர ஓரத்து எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த மூன்று வான்கள். ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் வந்தவர்கள் தனியாக. எல்லோரும் குளிருக்குத் தலையையும் முகத்தையும் மூடியிருந்தார்கள். தூரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கூட்டம்!

மார்த்தா வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். "இத்தனை வருடத்தில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை." என் அழைப்பில் வந்திருந்த ஆர்னே, கையில் ரோல்ஸுடன், "நான் சொன்னது பிழை போலத்தான் இருக்கிறது" என்றார். என் வாழ்க்கையிலேயே இனிப்பான கால் மணித்தியாலம் அது.

பிறகு கதவு திறந்தது. முதலாவதாக வந்தவர் அம்மாவின் சிநேகிதி பரமேஸ் அன்ரி. காஞ்சிபுரம் பட்டுக்கு மேலே முழங்கால் வரைக்கும் குளிர் ஜாக்கெட். கடவுச்சீட்டை மேசையில் வைத்தார். அமெரிக்க நீலத்தை எதிர்பார்த்த மார்த்தாவின் கண்கள் நோர்வேச் சிவப்பைப் பார்த்துச் சிமிட்டின.

"நீங்கள் அமெரிக்கப் பிரஜையா?"

"யெஸ், யெஸ். மை சிஸ்டர், நியூ ஜெர்சி" என்று சொல்லிவிட்டு அன்ரி என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, ஆருக்குப் போடவேணும்? சின்னத்தை மட்டும் சொல்லு, நான் போட்டிடுவன்."

வெளியே எட்டிப் பார்த்தேன். வரிசை முழுவதும் கைகளில் சிவப்புக் கடவுச்சீட்டுகள். நடுவில் அப்பா, வானில் வந்தவர்களை இரண்டிரண்டாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு கதிரையில் ஏறினேன். "எல்லாரும் மன்னிக்கவேணும்! இது அமெரிக்கன் பாஸ்போர்ட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான்!"

வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அப்ப ஏன் எங்களைக் கூப்பிட்டனீ?" என்றார் அப்பா.

"நீங்கள் அமெரிக்கரைக் கூட்டிக்கொண்டு வருவியள் எண்டு நினைச்சன்."

"அதை எழுதியிருக்கலாமே!" என்றது வரிசை முழுவதும், பயிற்சி எடுத்த பாடகர் குழு மாதிரி.

அந்தக் கணத்தில்தான் மார்த்தா ஜன்னலைக் காட்டிக் கத்தினார். "அதோ! அவர்கள் என் ஆட்கள்!" குழந்தை வண்டியுடன் ஒரு சோடி, எங்கள் வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னே இன்னும் மூன்று பேர். காலையிலிருந்து எத்தனை பேர் இப்படிப் போனார்களோ! நான் காசைக் கொட்டி வாக்காளரைக் கூட்டவில்லை, துரத்தியிருக்கிறேன். ஆர்னே அடுத்த ரோல்ஸை எடுத்து, மிக மெதுவாகக் கடித்தார்.

"பிடியுங்கோ அவையளை!" என்று நான் அலறினேன்.

வாக்களிக்கத்தான் உரிமை இல்லை, ஓடுவதற்கு உண்டு. வரிசை சிதறிப் பாய்ந்தது. அப்பா டிராம் நிறுத்தத்தை மறித்தார். (டிராமையும் சேர்த்துத்தான். ஓட்டுநர் அப்பாவுக்குத் தெரிந்தவர், ஆனாலும் மணியடித்தார்.) ஹொல்ம்லியாப் பிள்ளைகள் குழந்தை வண்டிக்காரரை ரோல்ஸ் நீட்டி மடக்கினார்கள். தொப்பி போட்டவர், சத்தமாகச் சிரித்தவர், குளிரிலும் காப்பியில் ஐஸ் போட்டுக் குடித்தவர் எல்லோரையும் பிடித்தார்கள். இரண்டு கனடாக்காரர், ஒரு சுவீடன்காரர், பெயர் சொல்ல மறுத்த ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். இடையிடையே அசல் அமெரிக்கர்களும் வந்தார்கள்!

பரமேஸ் அன்ரி ஓர் இளைஞனைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'பொஸ்ரன்'.

"ஆன்ட்டி, சத்தியமா நான் சென்னைங்க! பாஸ்டன் டி-ஷர்ட் மட்டும்தான்!"

"தமிழோ தம்பி? இதை முதலே சொல்லுறதுக்கென்ன?"

"நீங்க எங்கங்க சொல்ல விட்டீங்க?"

அவரையும் ஓடவிட்டோம், அமெரிக்கர் பிடிக்க.

மாலையில் மார்த்தா கதவைச் சாத்தப் போகும் நேரத்தில், ஓட்டப்பயிற்சி உடுப்பில் ஒரு நெடிய மனிதர் வந்தார். அமெரிக்கர்தான், ஆனால் கடவுச்சீட்டு வீட்டில். "ஓடினால் வந்துவிடலாம்" என்றார். ஓடினார். நாங்கள் தெருவோரம் நின்றோம். மார்த்தா கைக்கடிகாரத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையில் அவர் தலை தெரிந்ததும் பட்டுச்சேலைகளும் குளிர் ஜாக்கெட்டுகளும் ஒரே குரலில், நோர்வேக்காரர் பனிச்சறுக்குப் போட்டியில் கத்துவதுபோல், "ஹெய்யா! ஹெய்யா!" என்று கத்தின. ஆர்னேயும் கத்தினார். மனிதர் பனிச்சேற்றில் வழுக்கி, சமாளித்து, நீலக் கடவுச்சீட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி வாசலுக்குள் பாய்ந்தார். வாக்கு பெட்டிக்குள் விழுந்தபோது எழுந்த கைதட்டல், வெற்றிபெற்ற வேட்பாளருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

மார்த்தா எண்ணிப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான். "அடுத்த முறை பலூன் வேண்டாம். இந்தப் பெண்களை மட்டும் அனுப்பு" என்றார். என் ஆய்வின் முடிவை நான் ஆர்னேயின் பக்கம் மாற்றி எழுதினேன்.

அதற்குப் பிறகு நோர்வேயில் எந்தத் தேர்தல் வந்தாலும் என் தொலைபேசி ஓய்வதில்லை. முன்பெல்லாம் நகரசபைத் தேர்தல் வந்ததும் போனதும் தெரியாமல் இருந்தவர்கள்கூட அழைக்கிறார்கள். "பிள்ளை, இது எங்கட தேர்தல்தானே? வடிவாப் பாத்துச் சொல்லு. வரிசையிலை நிக்க விட்டிட்டுப் பிறகு இல்லை எண்டாதை." எங்கள் வீட்டிலும் அழைக்காத விழாவுக்கு யாராவது வந்தால், "அமெரிக்கன் வோட்டர் வந்திட்டார்" என்று அப்பா உள்ளே குரல் கொடுப்பார்.

போனமுறை பரமேஸ் அன்ரி நகரசபைக்கு வாக்களித்துவிட்டு வாசலிலிருந்தே அழைத்தார்.

"போட்டிட்டன் பிள்ளை. வரிசையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சுது."

"நல்லதுதானே அன்ரி?"

"நல்லதுதான். ஆனா, அமெரிக்கன் தேர்தல் மாதிரி வராது."