காரை விட்டு இறங்கிய கையெழுத்து

தென் மாவட்டங்களிலேயே அதிகச் சொந்தக்காரர்கள் உள்ள மனிதர் எங்கள் ஜாமீன் அண்ணாச்சிதான். ஆடு திருடியவர், சேவல் சண்டையில் பிடிபட்டவர், குடிபோதையில் போலீஸ்காரருக்கு முத்தம் கொடுத்தவர், அத்தனை பேரும் அவருக்கு உறவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருடைய நிஜப்பெயர் அவர் வீட்டு வரி ரசீதுக்கு மட்டுமே தெரியும்.

கோர்ட் ஜாமீன் கொடுத்தால் மட்டும் போதாது. சொத்துள்ள இரண்டு பேர் பொறுப்பேற்றால்தான் ஆளை வெளியே விடுவார்கள். வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர் செண்பகத்தோப்புக் காட்டில் விறகு வெட்டிப் பிடிபட்டு, பொறுப்பேற்க ஆளில்லாமல் நாற்பது நாள் உள்ளே கிடந்தார். அண்ணாச்சி பக்கத்து டீக்கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு போய் நின்றார்.

"இவர் உமக்கு என்ன வேணும்?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"மச்சான், எசமான்."

"போன வாரம் வந்தவரும் மச்சான்தானே?"

"எம் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவுக ஜாஸ்தி, எசமான்."

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் ஃபைனான்ஸ் நடத்திய முதலாளி ஒருவர், மில் தொழிலாளிகள் போட்ட பணத்தோடு கடையைச் சாத்தினார். போலீஸ் வந்த நிமிஷமே அவருக்கு நெஞ்சுவலி. தினமும் காலையில் இரண்டு மைல் நடந்தவர்! ஜெயில் வாசலையே பார்க்காமல் ஆஸ்பத்திரி ஏ.சி. அறையில் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஜாமீன். பொறுப்பேற்க ஆறு பேர் காரில் வந்திருந்தார்கள். இரண்டு பேர் போதும் என்றதும் மற்ற நாலு பேருக்கும் முகம் வாடிப்போனது.

அவருடைய வக்கீலிடம் நான் குமாஸ்தா. 'பலவீனமான இதயம்' என்று மனுவில் டைப் அடித்தவன் நான்தான்.

அண்ணாச்சி அன்று கொதித்துப்போனார். "ஏலே, வெறகு வெட்டுனவனுக்கு நாப்பது நாளு. ஊரையே வெட்டுனவனுக்கு ஒம்போது நாளா? அந்த ஒம்போதும் மெத்தையிலயா?"

தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். முதலாளி காரை விட்டு இறங்கவே இல்லை. ஏட்டையா நோட்டைத் தூக்கிக்கொண்டு கார் ஜன்னலுக்கு ஓடினார். மகள் கல்யாணத்துக்கென்று பணம் போட்டிருந்த மில் தொழிலாளி அம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்து அண்ணாச்சியிடம் அழுதார்.

மறுநாள் அண்ணாச்சி கடையைப் பூட்டினார். பணம் போட்டவர்களிடம் சைக்கிள்களை வாடகையில்லாமல் கொடுத்து, அவர்களோடு கிளம்பினார். நானும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். கார் வந்து நின்றதும் பதினாலு சைக்கிள்கள் அதைச் சுற்றி நெருக்கமாக நின்றன. ஏட்டையா நோட்டோடு வந்தார். ஜன்னலை நெருங்க வழியில்லை.

"ஏட்டையா, ஸ்டேஷனுக்குப் போயிக் கையெழுத்துப் போடணும்னுதான உத்தரவு? நோட்டு வெளிய வரணும்னு எதுலய்யா போட்டுருக்கு?" என்றார் அண்ணாச்சி.

ஏட்டையா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அரை மணி நேரம் வெயிலில் கார் வெந்தது. கடைசியில் கதவு திறந்தது. ஆள் இறங்க மட்டும் இரண்டு சைக்கிள்கள் விலகின. முதலாளி ஹேண்டில்பார்களுக்கு நடுவே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நெளிந்து வெளியே வந்து, நாலு படி ஏறி, உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். ஒருவரும் கூச்சல் போடவில்லை. அந்த மில்காரம்மா மட்டும் சொன்னார்: "நல்லாத்தான நடக்காக!"

பணம் திரும்பவில்லை. அடுத்த மாதமே நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மனுவை அடித்தவன் நான்தான், வேலையை விடப்போகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ விட்டுட்டா நெஞ்சுவலி மனு நின்னுருமாலே? அம்புட்டுப் பேரும் போயிட்டா இல்லாதவன் மனுவ யாரு அடிப்பா? பேசாம இரு."

இருந்தேன். இருபத்தாறு வருஷம். இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல நினைத்துத் தினமும் அந்தக் கடைக்குப் போவேன். சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.