சம்பந்தி ‘ஹேஸ் கான்’

ஆங்கிலம் சரியாகத் தெரிந்தவனால் யாருக்கும் கெடுதல் வராது என்று நினைப்பவர்கள் என்னோடு பழகியதில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் ஒரு நல்ல மனிதரை, அவர் நடந்துகொண்டிருக்கும்போதே சாகடித்தேன். அதுவும் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லாமல்.

என் வெறியெல்லாம் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்ற ஒரு காலத்தின் மேல். ‘வென்ட்’ என்றால் போனார். எப்போது என்று சொல்லிவிட்டால் அதைத்தான் போட வேண்டும். ‘ஹேஸ் கான்’ என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘நேத்து வந்திருக்காரு’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதே தைரியத்தில் நம்மவர்கள் ஆங்கிலத்திலும் ‘யெஸ்டர்டே’ பக்கத்தில் ‘ஹேஸ்’ போட்டுவிடுவார்கள். எனக்குச் சோற்றில் கல் கடித்தது போல இருக்கும். கல்யாணப் பந்தியில் திருத்தியிருக்கிறேன். ஊசி போட வந்த டாக்டரை ஊசி போடுமுன் திருத்தியிருக்கிறேன். (வேங்கிக்காலில் எங்கள் தெருக்காரர்கள் என்னைக் கண்டதும் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறுவார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.)

என் மகள் கோமதிக்கு மாப்பிள்ளை அமைந்தபோதும் இந்தப் புத்தி அடங்கவில்லை. பையன் சதீஷ், கீழ்பென்னாத்தூர்காரன், கனடாவில் வேலை. போன மாதம் கோமதியைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வாட்ஸ்அப் அனுப்பினான். ‘ஐ ஹேவ் மெட் கோமதி லாஸ்ட் மந்த்.’ வேறு அப்பனாக இருந்தால் ஆனந்தப்பட்டிருப்பான். நான் ‘ஹேவ்’ ஏன் வரக்கூடாது என்று விளக்கி, மூன்று உதாரணங்களும் கொடுத்தேன். “இதோட அவன் ஓடிடப் போறான்” என்றாள் என் மனைவி. அவன் ஓடவில்லை. நன்றி சொன்னான். அந்த நன்றிதான் பிறகு எங்களைக் கவிழ்த்தது.

நிச்சயதார்த்தத்துக்குச் சில நாள் இருக்கும்போது அவன் அப்பா ஏழுமலை கிரிவலம் போக வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிரிடுகிற விவசாயி. பௌர்ணமிக் கூட்டம் ஆகாது என்று சாதாரண நாளாகப் பார்த்து வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்காக, யாரிடமும் பேசாமல் மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். போனை அணைத்து எங்கள் வீட்டு டிவி மேசையில் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் சதீஷிடமிருந்து செய்தி. அப்பா போன் எடுக்கவில்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறாரா? இதற்குத் தமிழில் ‘மலை சுத்தப் போயிருக்காருப்பா’ என்றால் தீர்ந்தது. நானோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘வென்ட்’டா, ‘ஹேஸ் கானா’ என்று யோசித்தேன். இன்னும் திரும்பவில்லை அல்லவா? ‘யுவர் ஃபாதர் ஹேஸ் கான்.’ அனுப்பிவிட்டு அதன் அழகை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

பதில் உடனே வந்தது. எப்போது?

ஆகா, பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். நேரம் கேட்கிறான், ஆகவே இப்போது ‘வென்ட்’ போட வேண்டும். நாலு மணிக்குப் போனார், ‘வெரி பீஸ்ஃபுல்லி’ என்று எழுதினேன். அமைதியாகத்தானே போனார்? இப்போது எங்கே என்று கேட்டான். கிரிவலம் என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் அந்த நேரம் பிடிபடவில்லை. ‘ஹி ஈஸ் வித் அண்ணாமலையார் நவ்’ என்று முடித்தேன்.

உடனே போன் அடித்தது. அவன்தான். நான் எடுக்கவில்லை. பேச்சில் காலம் பிசகும், சந்தேகம் இருந்தால் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் மறுபடியும் அடித்தது. இலக்கணத்தில் இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப் போய், போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினேன்.

கண் திறந்தது ஒப்பாரியில். வாசலில் ஒரு வேன், அதன் முகப்பில் ரோஜா மாலை. சதீஷின் அம்மா பச்சையம்மாளை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் நான்தான் போய்விட்டேன் என்று முடிவு கட்டி, வருகிறவர்கள் உட்கார நாற்காலிகளைத் தெருவில் போட ஆரம்பித்தார். என்னை உயிரோடு பார்த்ததும் ஒன்றை மடக்கினார்.

சதீஷின் தாய்மாமன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க சார் வெச்சிருக்கீங்க?” என்றார்.

“போனா? டிவி மேசை மேல” என்றேன்.

பிறகுதான் பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கதையில் எனக்கு இன்றும் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான். அவர் மலை சுற்றத்தானம்மா போயிருக்கிறார், நல்லா இருக்கிறார் என்று தமிழில் சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதே வேனில் எல்லோரும் போனோம். மாலையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை அருகே ஒரு கடையோரம் ஏழுமலை வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மாலை போட்ட வேனையும் வீங்கிய முகங்களையும் பார்த்ததும், பாதி மலை வரை காத்த மௌனம் உடைந்தது.

“யாரு போயிட்டாங்க?”

“நீங்கதான் மாமா” என்றார் அவர் மைத்துனரான அந்தத் தாய்மாமன்.

அங்கிருந்தே சதீஷுக்கு வீடியோவில் அப்பாவைக் காட்டினார்கள். அவன் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தான். அழுது முடித்துவிட்டு என்னைக் கேட்டான். “வேற யார் எழுதியிருந்தாலும் தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சிருப்பேன் மாமா. உங்க இங்கிலீஷ்ல தப்பே வராதுன்னுதான் நம்பிட்டேன்.”

‘ஹேஸ் கான்’ என்பதை அவன் ‘போயிட்டார்’ என்றுதான் படித்திருக்கிறான். வேறு எப்படிப் படிப்பான்? வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாதே, ‘போயிட்டு வரேன்’ என்று சொல் என அடிவாங்கி வளர்ந்த பிள்ளை. நானும் அந்த அடி வாங்கியவன்தான். எம்.ஏ. படித்ததில் மறந்துவிட்டது.

மைத்துனர் இந்தச் சம்பந்தமே வேண்டாம், அபசகுனம் என்றார். ஏழுமலை இன்னொரு மல்லாட்டையை உரித்தபடி, செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டியாகும் என்றார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தோம். கோமதியின் கல்யாணம் அந்த அம்மாள் வாயில் இருந்தது. என்னிடம் விளக்கம் ஏராளமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துச் சொன்னார். “பொண்ணு நம்ம வூட்டுக்கு வரட்டும். இவரு போன்ல எழுதறது மட்டும் வரக் கூடாது.”

கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை. ஏழுமலை இன்றும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசற்படியில் நின்று, “போயிட்டு வரேன் சார். வரேன்னு நல்லா கேட்டுக்கிட்டீங்களா?” என்பார். பச்சையம்மாளும் சிரிப்பார். ஆனால் நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தால் சிரிப்பு நின்றுவிடும். அதற்கு நான் என்ன பரிகாரம் செய்ய முடியும்?

எங்கள் வீட்டில் யாரைப் பற்றிச் சேதி சொன்னாலும் முதலில் ‘உயிரோட இருக்கார்’ என்று சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு விதிக்கப்பட்ட சட்டம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் அது பொருந்தும். நேற்று கோமதி கனடாவிலிருந்து கூப்பிட்டாள். நான் குளியலறையில் இருந்தேன். அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள். என் மனைவியின் பதில் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

“இன்னும் போகல. குளிக்கிறார்.”