பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு கோடு

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் முறை. கணக்கு வாத்தியாராக இருந்தவன் தப்பு விடை எழுதக் கூடாது என்பதால், உடம்பு மட்டும் நலம் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் தங்கை ஏன் பெட்டியோடு வந்து நிற்கிறாள் என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்பட வேண்டும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றபின் எங்கள் நூலகத்தில் முதியவர்களுக்கு நடக்கும் கணினி வகுப்பில் சேர்ந்தேன் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பித்தது. சொல்லிக்கொடுக்கிற பெண் எங்களை வாய்நிறைய 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நாங்கள் தப்பு செய்யும்போது அவள் புருவம் ஏறுகிற ஏற்றத்திலேயே யார் மாணவன் என்பது தெரிந்துவிடும். அவள் எங்களுக்கு சப்போர்ட் வெக்டார் மெஷின் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், மச்சான். நம் பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகள் தனித்தனிக் கும்பலாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு பாதை போட வேண்டும், எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக. அந்தப் பாதை எங்கே போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஓரத்தில், எதிர்க் கும்பலுக்குப் பக்கத்தில் நிற்கிற நாலைந்து பேர்தான். பின்னால் நிற்பவன் குட்டிக்கரணம் போட்டாலும் பாதை நகராது. ஓரத்துப் பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தால் பாதையே திரும்பிவிடும். ஒரு வகுப்பு நடுவிலும் இன்னொன்று அதைச் சுற்றிலும் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மைதானத்தின் நடுவை மேடாக்கிவிட்டால் நடுவில் நிற்பவர்கள் தானாக உயர்ந்துவிடுவார்கள், குறுக்கே ஒரு பலகையை நுழைத்துவிடலாம் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் கரும்பலகையில் இப்படி ஒன்றைக்கூட அழகாகச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் போல இருந்தது. செடிகளின் இலையை அளந்து பிரித்தேன். உங்கள் தங்கையின் தையல் பெட்டியில் இருந்த பொத்தான்களை அகலம், கனம் என்று அளந்து, சட்டைப் பொத்தானா கோட்டுப் பொத்தானா என்று மெஷினைக் கேட்டேன். பகல் முழுக்க அளந்தேன். அவள் வந்து எட்டிப் பார்த்து, "இதைக் கண்ணால பார்த்தாலே தெரியுதே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள். "மெஷினுக்குக் கண் இல்லையேம்மா" என்றேன். "உங்களுக்கு இருக்கில்ல?" என்றாள். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. எனக்கு ஒரு நெடுநாள் சங்கடம் உண்டு, மச்சான், உங்களிடம் சொல்வதற்கு என்ன. உங்கள் தங்கை கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. முகத்தில் காட்ட மாட்டாள். பாத்திரத்தில்தான் காட்டுவாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். டமார் என்றால் கோபம், மெதுவாக வைத்தால் அமைதி. இதையே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் பழைய போனை ஒளித்து வைத்துச் சத்தங்களைப் பதிவு செய்தேன். ஒவ்வொரு சத்தமும் எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் நீள்கிறது என்று இரண்டு எண். இரண்டு எண் இருந்தால் தாளில் ஒரு புள்ளி வைக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் கோபம், அமைதி என்று நானே எழுதினேன். இரண்டு வகைப் புள்ளிகளுக்கும் நடுவே மெஷின் ஒரு கோடு போடும். சந்தேகமாக இருந்த சத்தங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு புள்ளி தப்பான பக்கம் விழுந்தால் பொறுத்துக்கொள்ளும்படி மெஷினுக்குக் கொஞ்சம் தாராளம் வைக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வாத்தியாருக்குத் தாராளம் எங்கே வரும்? ஒரு புள்ளிகூடத் தப்பக் கூடாது என்று வைத்தேன். கோபமானால் என் போனில் சிவப்பு, அமைதியானால் பச்சை. பச்சை வந்தால் உள்ளே போய் டீ கேட்கலாம், சிவப்பு வந்தால் பால்கனிக்கு ஓடிவிட வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

ஒருநாள் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் சமையலறையில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். என் போன் ரத்தச் சிவப்பாகிவிட்டது. நான் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடி, "குடையை பஸ்ல விட்டுட்டு வந்தது நான்தான், தெரியாம நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை நிதானமாக, "எந்தக் குடை?" என்றாள். குழாய்க்காரர் தொட்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "சார், ஸ்பேனர் போட்டது நான். நீங்க எதையும் ஒத்துக்க வேண்டாம்" என்றார். இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை எப்படி எழுதுவேன்?

வகுப்பு முடிகிற நாளில் ஆளுக்கொன்று செய்துகாட்ட வேண்டும் என்றார்கள். ஒருவர் நாணயங்களைப் பிரித்துக் காட்டினார், ஒருவர் கையால் எழுதிய 1, 7 என்ற எண்களை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. நம் வீட்டுச் சமையலறையை ஸ்பீக்கரில் போட்டேன், மச்சான். ஹால் நிறைய ஆட்கள். ஒரு மூடி விழுகிற சத்தம் போட்டு, "இது கோபம்" என்பேன், சிரிப்பார்கள். கரண்டியால் தட்டுகிற சத்தம் போட்டு, "இது கடும் கோபம், வீட்டில் நான் இருக்க மாட்டேன்" என்பேன். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ரிடையர்டு தாசில்தார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு கொடுங்க சார்" என்றார். ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டால் நிறுத்தத் தெரியாத வியாதி எனக்கு உண்டு. மெதுவாக ஒரு பாத்திரம் சமையல் மேடையில் உட்காருகிற சத்தத்தைப் போட்டு, "கவனியுங்க, இது அமைதி. இந்த நேரத்துல என்ன வேணா கேட்கலாம். நான் அன்னிக்கு என் சாக்ஸைத் தேடித்தரச் சொன்னேன், தேடிக் கொடுத்தாங்க" என்றேன்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "கோபம், அமைதின்னு லேபிள் போட்டது யார், சார்?" என்றாள்.

"நான்தான்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, "கேட்கலை" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் உங்கள் தங்கை. கையில் என் மூக்குக் கண்ணாடி. மறந்து வைத்துவிட்டுப் போனேன் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை.

"அது அமைதி இல்லை" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு டாக்டர்கிட்ட இருந்து ரிசல்ட் வரணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். பயமா இருந்துச்சு. போன் அடிச்சா கேட்கணுமேன்னு சத்தம் வராம வெச்சேன்."

"அப்ப அந்தக் கரண்டிச் சத்தம்?" என்று கேட்டேன் பாருங்கள், மச்சான், அந்த நேரத்திலும் எனக்கு விடைதான் சரிபார்க்கத் தோன்றியது.

"அது ரேடியோ பாட்டுக்குத் தாளம்" என்றாள். "சந்தோஷமா இருந்தேன். உங்க மெஷின்ல சந்தோஷத்துக்கு இடமே இல்லையா?"

தாசில்தார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை மேசையில் வைத்தாள், மெதுவாக. என் போன் பச்சை காட்டியது.

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். அந்த வழியெல்லாம் யோசித்தேன். அவள் சந்தோஷமாக இருந்த காலை வேளைகளில் எல்லாம் நான் பால்கனியில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் பயந்துகொண்டிருந்தபோதெல்லாம் டீ கேட்டிருக்கிறேன். ஒரு வகுப்பு முழுக்க ஒரே தப்பு விடை எழுதினால் தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, சொல்லிக்கொடுத்தவன் மேல் என்று ஆசிரியர் அறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. கோடு போடச் சொன்னேன், போட்டது. இரண்டு பக்கத்துக்கும் பேர் வைத்தது நான். ஓரத்தில் நின்ற சத்தங்களைச் சந்தேகம் என்று தூக்கிப் போட்டவனும் நான். பாதை எங்கே போக வேண்டும் என்று அவைதானே சொல்லியிருக்கும்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மெஷினே வேண்டியிருக்காது.

வீட்டுக்கு வந்து அவள் எதுவும் பேசவில்லை. எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. மறுநாள் காலை அவள் பெட்டியை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை, விழ வேண்டாம் என்றுதான் குழாயைத் திறந்தேன். வெளியே வந்தபோது வீடு காலி. சாயங்காலம் போன் செய்தாள். எடுக்கவில்லை. 'நலம்' என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினேன். அவளும் 'சரி' என்று அனுப்பினாள். அதோடு நிற்கிறது.

மச்சான், நான் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. டாக்டர் சொன்ன ரிசல்ட் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தனை பேர் முன்னால் சொன்னாளே, வீட்டுக்கு வந்து நான் கேட்டிருக்க வேண்டாமா? வெட்கம் தடுத்துவிட்டது. அப்போதே கேட்காததால் அப்புறம் கேட்க முடியவில்லை, அப்புறம் கேட்காததால் இப்போது கேட்கவே முடியவில்லை. உங்களிடம் அவள் சொல்லியிருப்பாள். நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுதுங்கள். அவளாகத் திரும்பி வரும்வரை வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதம் மட்டும் அவள் கண்ணில் படவே கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம். பாதி தலை நிமிர்ந்ததும் நேரில் வருகிறேன்.

தங்கள் அன்பை இன்னும் இழக்காமல் இருக்க விரும்பும்,
தங்கையின் கணவன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகக் கிளம்பினேன், எதிர்வீட்டு அம்மா படியில் மறித்து, "உங்க மச்சானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா சார்? கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கணும்னு உங்க வீட்டம்மா போனாங்களே" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். "'குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு உள்ள இருக்காரு, காதுல விழுந்துச்சோ இல்லையோ, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றார். கோபித்துக்கொண்டு போகவில்லை, மச்சான்! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: உங்கள் கண்ணில் கட்டு. அப்படியானால் இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் படித்துக் காட்டுவது?

கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் மேலே வந்தேன். கை வரவில்லை.

ஏம்மா, படிச்சுக்கிட்டு இருக்கிறது நீதானே? அண்ணனுக்குச் சொட்டு மருந்து விடுற நேரம் ஆயிடுச்சுன்னா முதல்ல அதை விடு, நான் இருக்கேன். அப்புறம் இதை மட்டும் நீயே சொல்லு. ரிசல்ட் என்ன வந்துச்சு? போன் கையிலதான் இருக்கு. இந்தத் தடவை எடுத்துடுவேன்.