பத்து நிமிடம் முந்தி வந்த வெள்ளிக்கிரகம்

நான் வானியல் கழகத்தில் சேர்ந்தது வானத்துக்காக அல்ல. பள்ளி அறிக்கையின் அடியில் ‘குறிப்புகள்’ என்று ஒரு வெற்றிடம் இருக்கும், அதை நிரப்பத்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது.

ஜெர்மன் பள்ளிகளில் பாடம் முடிந்தபிறகு விருப்பமுள்ளவர்கள் கூடி ஏதாவது செய்வார்கள். நாடகம், சதுரங்கம், தேனீ வளர்ப்பு என்று ஆளுக்கொரு கழகம். ‘ஆகே’ என்பார்கள். பரீட்சை கிடையாது, புள்ளியும் கிடையாது. பீலெஃபெல்டில் எங்கள் வீட்டில் இது ஒருவருக்கும் விளங்கவில்லை. “புள்ளி போடாத பாடத்துக்கு ஏன் பின்னேரம் முழுக்க அங்க நிக்கிறாய்?” என்று அப்பா கேட்டார். அறிக்கையில் எழுதுவார்கள் என்றதும், “அப்ப நாலைஞ்சில சேர்” என்றார். சேர்ந்தேன். (தேனீக் கழகத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போனேன். தேனீக்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.)

பதினாறு வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கோடை விடுமுறையில் நாடெங்குமிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கூட்டி இரண்டு வாரம் ஒரு முகாம் நடத்துவார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம். அதற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் வானியல் கழகத்தை நடத்திய ஆசிரியர் ஹெர் லிண்டமான். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் முதல் ஆளாகப் போய் முன்கதிரையில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

போட்டிக்கு இருந்தவள் ஹன்னா. அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் அவளுடைய கொப்பியைத் திறந்து பார்த்து அசந்துபோனேன். இரண்டு வருடமாக, வாரம் தவறாமல் கிழமைக்கு ஒரு சூரியன் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அன்றைய கரும்புள்ளிகள், திகதி, நேரம். யாரும் சொல்லாமல், யாரும் புள்ளி போடாமல் ஒருத்தி இதைச் செய்வாளா? எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு காலை, வெள்ளிக்கிரகம் சூரியனைக் குறுக்கே கடந்தது. அன்று உயிரோடு இருந்த ஒருவரும் அதற்குமுன் பார்த்திராத காட்சி. சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும் என்பதால், தொலைநோக்கியை விளையாட்டு மைதானத்தில் நிறுத்தி, அதன் பின்னால் ஒரு வெள்ளை மட்டையைப் பொருத்தி, சூரியனின் படத்தை அதில் விழவைப்பது திட்டம். ஒலிவாங்கியில் விளக்கம் சொல்ல யார் என்று ஹெர் லிண்டமான் கேட்டபோது, அவர் கேட்டு முடிக்கமுன் என் கை எழும்பிவிட்டது. ஹன்னா நேரம் குறிக்கும் வேலையை எடுத்தாள்.

வீட்டில் போய், “எல்லாம் நான்தான் நடத்துறன்” என்று அளந்துவிட்டேன். அதோடு அப்பா வேலைக்கு லீவு போட்டு வீடியோ கமராவைத் தூசி தட்டினார். அம்மா விடியவே தலைமுழுகித் தோய்ந்து, சேலை உடுத்து, கைப்பையில் சந்தனமும் குங்குமமும் எடுத்து வைத்தார். எங்கள் வீட்டில் புதுக் கொப்பியோ தையல் மெஷினோ பொட்டு வைக்காமல் வேலை தொடங்கியதில்லை.

நான் ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போன இரண்டு நிமிடத்தில் அம்மா தொலைநோக்கியிடம் போயிருக்கிறார். புத்தம்புது வெள்ளை மட்டை. மகள் நடத்துகிற நல்ல காரியம். சும்மா விடுவாரா? சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் வந்து தொலைநோக்கியைத் திருப்பினேன். சாப்பாட்டுத் தட்டளவில் சூரியன் மட்டையில் விழுந்தது. விளிம்போரமாக ஒரு புள்ளி. மணி ஏழு பத்து. ஏழு இருபதுக்குத்தான் வரும் என்று ஹன்னா கணக்குச் சொல்லியிருந்தாள். அவளுடைய கணக்குப் பிழைத்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் வேறு.

“வந்துவிட்டது!” என்று ஒலிவாங்கியில் கத்தினேன். மைதானத்தில் இருநூறு பேராவது கைதட்டியிருப்பார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நடுவில் சிவப்பாகத் தெரிவது கிரகம். சுற்றிவர மஞ்சளாகத் தெரிவது அதன் வளிமண்டலம்” என்று விளக்கமும் சொன்னேன். (எரிமலைகளைப் பற்றியும் ஏதோ சொன்னேன். வீடியோவில் இருக்கிறது.)

தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் சூரியனின் படம் மட்டையில் மெல்ல நழுவிக்கொண்டே போகும். நழுவியது. கிரகம் நழுவவில்லை. ஒரு நிமிடத்துக்குள் என் வெள்ளிக்கிரகம் வளிமண்டலத்தோடு சூரியனை விட்டு வெளியே வந்து, வெறும் மட்டையில் தனியாக நின்றது.

கூட்டம் மட்டையை எட்டிப் பார்த்தது. அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது: “பிள்ளை, அது நான் வைச்ச பொட்டெல்லோ!”

“அம்மா என்ன சொல்கிறார்?” என்று ஹெர் லிண்டமான் கேட்டார்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். எதையும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் கடிதமோ அந்தரத்தில் தொங்குகிறது. ஆனால் ஹன்னா கொப்பியும் பென்சிலுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொப்பிக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. “அது என் அம்மா நல்லது நடக்கவேண்டும் என்று வைத்த குங்குமம். வெள்ளிக்கிரகம் இன்னும் வரவில்லை” என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன்.

மைதானம் சிரித்த சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஹெர் லிண்டமான் மட்டையைக் கழற்றி மறுபக்கம் திருப்பி மாட்டினார். “ஹன்னா, இன்னும் எவ்வளவு?” என்றார்.

“ஐந்து நிமிடம்.”

சரியாக ஐந்து நிமிடத்தில், நகத்தால் கிள்ளியதுபோல சூரியனின் விளிம்பில் ஒரு சின்னக் கறுப்பு. அது ஆறுதலாக, மெல்ல மெல்ல உள்ளே வந்து, மிளகளவு உருண்டையாக, கன்னங்கரேலென்று நின்றது. சிரித்தவர்கள் எல்லாம் மட்டையை நெருங்கி வந்தார்கள். நாங்கள் நிற்கிற பூமியளவு பெரிய உலகம், இவ்வளவுதான்! எனக்கு அழுகை வந்தது. கடிதம், முகாம், அவமானம் எல்லாம் மறந்துபோயிற்று. இதற்கு யார் புள்ளி போடுவது? அம்மா கைகூப்பி நின்றார். ஹன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே நேரத்தை எழுதினாள்.

கடிதம் ஹன்னாவுக்குப் போனது. போகவேண்டிய இடம் அதுதான். நான் மற்றக் கழகங்களை எல்லாம் விட்டுவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை கன்னம் எரிய எரிய வானியலுக்குப் போய்ப் பின்கதிரையில் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் ஹெர் லிண்டமான் எனக்கும் ஒரு கடிதம் எழுதினார். ‘ஊரே பார்க்கப் பிழைவிட்டு, தன் வாயாலேயே அதைத் திருத்தி, மறுகிழமையும் வந்து உட்கார்ந்த மாணவி’ என்று அதில் இருந்தது. அதற்குப்பிறகு எத்தனையோ சான்றிதழ் வாங்கிவிட்டேன், இதைப்போல ஒன்று இல்லை.

போன மாதம் புதுக் கார் வாங்கினேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து முன்கண்ணாடிக்கு நேரே விரலை நீட்டினார். பிறகு நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“பிள்ளை, வைக்கட்டோ? இந்தப் பக்கம் கிரகம் ஒண்டும் வராதெல்லோ?”